நின்றே பழகிய மனிதர்

ராயப்பராஜ் அண்ணன் குடித்துவிட்டுப் பூசைக்கு வந்திருக்கிறார் என்று சொன்ன பொம்பளையோடு நான் இன்றுவரை பேசுவதில்லை. அவள் எதிரே வந்தால் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போய்விடுவேன். வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைக்காத மனிதர் அவர். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை. நடுப்பூசை முடிந்து, முழங்காலில் இருந்த நாங்கள் எல்லாரும் பரலோக மந்திரம் சொல்ல எழுந்தோம். ஆண்கள் பக்கத்தில் தூணை ஒட்டி இருந்த அவரும் எழுந்தார். எழுந்தவர் ஒரு விநாடி மேலே விட்டத்தைப் பார்த்தார். முகம் வெளுத்தது. அப்படியே மடங்கி, முன்னால் இருந்த பெஞ்சில் தாடை இடிக்க விழுந்தார். வேட்டி நனைந்து தரையில் ஈரம் ஓடியது. அதைப் பார்த்துத்தான் அந்த மகராசி பக்கத்தில் இருந்தவளின் காதைக் கடித்தாள்.

நான் கிளாரா. ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அங்கே தும்மினால் இங்கே நான் "சேசுவே" என்பேன். எனக்கு வாய் நீளம் என்று தெருவில் பெயர். அதை நான் மறுக்கப்போவதில்லை. அவர் மனைவி வியாகுலம்மாளை அக்கா என்றும் அவரை அண்ணன் என்றும் கூப்பிட்டே பாதி ஆயுசு போய்விட்டது.

அண்ணன் கண்டக்டராக இருந்தவர். திண்டுக்கல்லுக்கும் நத்தத்துக்கும் ஓடுகிற பஸ். மாம்பழக் காலத்தில் அந்த பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும், கூடைகளுக்கும் புளி மூட்டைகளுக்கும் நடுவில் ஒரு காலை ஊன்ற இடம் கிடைப்பதே பெரும்பாடு. அந்த நெரிசலில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழிப்பார். கண்டக்டர் சீட் காலியாகக் கிடந்தாலும் உட்கார மாட்டார். கைப்பிள்ளைக்காரி, வயசாளி என்று யாரையாவது அதில் உட்கார வைத்துவிடுவார். கேட்டால், "கண்டக்டருக்கு ஏதும்மா சீட்? நின்னாத்தேன் வண்டி எப்படிப் போகுதுன்னு காலுக்குத் தெரியும்" என்பார். டிரைவர் திடீரென்று பிரேக் அடித்தால், தடுமாறுகிற வயசானவர்களை முழங்கைக்கு மேலே பட்டென்று பிடித்து, "மெதுவா, மெதுவா" என்பார். அவர்கள் கால் ஊன்றியதும் விட்டுவிடுவார். கோயிலிலும் பெஞ்சில் உட்கார மாட்டார். தூணை ஒட்டி நிற்பார், வெறும் தரையில் முழங்கால் போடுவார், மறுபடி நிற்பார். அவ்வளவுதான் அவருடைய பக்தி.

ஓய்வு பெற்ற பிறகு மறதி வந்தது. முதலில் ஸ்டாப்புகளின் பெயர்கள் வரிசை தவறின. பிறகு சில்லறைக் கணக்கு போயிற்று. பிறகு மகன் கிளெமென்ட்டின் பெயர். மதுரையில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு அல்சைமர் என்றார். போகப்போக வியாகுலம் அக்காவையே ஒரு பயணியாக்கிவிட்டார்.

"எங்கம்மா போகணும்?" என்று கேட்பார்.

"வீட்டுக்குத்தேன்" என்பாள் அக்கா.

"உள்ள ஏறி வா. படியில நிக்காத."

எனக்குச் சிரிப்பு வரும். அக்காவும் சிரிப்பாள், பிறகு அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்துவாள். எல்லாம் போனாலும் செபம் மட்டும் போகவில்லை. யாராவது எடுத்துக் கொடுத்தால் போதும், கடைசி ஆமென் வரை சொல்லி முடிக்காமல் விட மாட்டார்.

கோயிலில் விழுந்தது முதல் தடவை. அதற்குப் பிறகு வீட்டிலும் விழத் தொடங்கினார். உட்கார்ந்திருந்தால் நன்றாகத்தான் இருப்பார். மெயின் ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டால் விருட்டென்று எழுந்திருப்பார். எழுந்ததும் கண் சொருகும், கீழே போவார். ஒரு தடவை அம்மிக்கல்லில் அடிபட்டுப் புருவம் கிழிந்து தையல் போட்டார்கள். அந்தச் செய்தி கேட்டுத்தான் ஓசூரிலிருந்து கிளெமென்ட் வந்தான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். தகப்பன் மேல் உயிராக இருக்கிற பிள்ளை. ஆனால் ஃபேக்டரி வேலைக்காரன், மாசத்தில் ஒரு நாள் லீவு எடுப்பதே அவனுக்கு மலை.

"அம்மா, ஒரு இல்லம் பாத்து வச்சிருக்கேன்" என்றான். நானும் கூடத்தான் உட்கார்ந்திருந்தேன். "சிஸ்டர்ஸ் நடத்துறாங்க. நர்ஸ் இருக்காங்க, கட்டிலுக்குக் கம்பித் தடுப்பு இருக்கு."

"பாத்து வச்சிருக்கியா? மாட்டுக்காடா எடம் பாத்த?" என்றாள் அக்கா.

"நீ ஒருத்தி எப்படிம்மா தாங்குவ? தலையில பட்டிருந்தா என்னாகும்? இன்னொரு தடவ அப்பா விழுந்தாருன்னு கேள்விப்பட்டேன், அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவேன்."

"விழ மாட்டாக."

"அம்மா..."

"விழ மாட்டாகன்னு சொல்றேன்ல? இந்த வீட்ட விட்டு அவுகள நான் அனுப்ப மாட்டேன். அங்க போனா யாரு அவுகளுக்கு வீட்டுக்குத்தேன்னு பதில் சொல்லுவா?"

அவன் ஊருக்குப் போனான். அன்றிலிருந்து அக்காவுக்கு வேறு நினைப்பே கிடையாது. அவர் விழக்கூடாது. விழுந்தால் அனுப்பிவிடுவார்கள்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழாயில் தினமும் வராது. வருகிற அன்றைக்கு அண்டா, டிரம், குடம் எல்லாவற்றையும் நிரப்பி வைத்துக்கொண்டு அடுத்த முறை வரும் வரை ஓட்ட வேண்டும். அண்ணன் வேட்டியை நனைக்கத் தொடங்கியபோது அக்கா திணறிப்போனாள். ஒரு நாளைக்கு எத்தனை வேட்டி, எத்தனை போர்வை! எதில் அலசுவது? அதனால் அவர் குடிக்கிற தண்ணீரைக் குறைத்தாள். சாயங்காலத்துக்கு மேல் ஒரு வாய்கூடக் கிடையாது. பிரஷர்காரர் என்பதால் உப்பும் கிடையாது. குழம்பு, வெஞ்சனம் எல்லாம் அவருக்குத் தனியாகச் சப்பென்று ஆக்கினாள். பிரஷர் மாத்திரை மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை. எழுதிக் கொடுத்த டாக்டர் காலமாகிவிட்டார், மாத்திரை மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

இதோடு ஞாயிற்றுக்கிழமை வந்தால் இன்னொன்று. அக்காவின் அம்மா பழைய காலத்து மனுஷி. பூசையில் சாமியார் கொடுக்கிற அப்பத்தை, அதுதான் நன்மை, வாங்குகிற அன்றைக்கு, வாங்கும் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்று பிள்ளைகளை அடித்து வளர்த்தவள். தண்ணீர் குடிக்கலாம், தோஷமில்லை என்று எத்தனை சாமியார்கள் பிரசங்கத்தில் சொல்லிவிட்டார்கள்! அக்காவின் காதில் ஏறாது. "அவுக அறியாப்பிள்ளையா ஆயிட்டாக. அவுக பங்குக்கும் நாந்தேன ஒழுங்கா இருக்கணும்?" என்பாள். ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை நாக்கை நனைக்கிற அளவு தண்ணீரோடு விழுங்க வைத்து, வெறும் வயிற்றோடு கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வருவாள். கேட்டீர்களா கதையை? எனக்கும் அப்போது இதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பக்தியான பொம்பளை என்றுதான் நினைத்தேன்.

தவக்காலம் வந்தது. மகன் போட்ட குண்டு நெஞ்சில் இருக்க, அக்கா நேர்ச்சை வைத்தாள். அவர் விழாமல் இருந்தால் எல்லா வெள்ளியும் இரண்டு பேரும் ஒருசந்தி. மத்தியானம் வரை ஒன்றும் கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் தொம்மென்று சத்தம். போட்டது போட்டபடி ஓடினேன். அண்ணன் அடுப்படி வாசலில் மல்லாந்து கிடந்தார். கை கால் ஐஸ் போல இருந்தது. பங்குனி வெயிலில் எனக்கு முதுகு நனைகிறது, அவர் மேலில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"கிளாரா, கிளெமென்ட்கிட்ட சொல்லிராத. மாதாவுக்குப் பொதுவா சொல்லு, சொல்ல மாட்டல்ல?"

"சொல்ல மாட்டேன். ஆனா இப்பவே ஆட்டோ வரும், ரெண்டு பேரும் ஏறணும். இல்லாட்டி நானே அவனுக்குப் போன் போடுவேன்" என்றேன். போட்டிருப்பேன். என் குணம் அவளுக்குத் தெரியும், மறுபேச்சுப் பேசாமல் செருப்பை மாட்டினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பவித்ரா சின்ன வயசு. பிள்ளையாகத் தெரிகிறதே, இது என்னத்தைப் பார்க்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். அண்ணனைக் கட்டிலில் படுக்க வைத்து, பொறுமையாகப் பிரஷர் பார்த்தார்.

"கூடத்தான் இருக்கு."

"பாத்தீகளா? அதுக்குத்தேன் நான் உப்பே போடுறதில்ல" என்றாள் அக்கா. குரலில் ஒரு பெருமை.

டாக்டர் கைப்பட்டையைக் கழற்றாமல், நர்ஸை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி அண்ணனை எழுப்பி நிற்க வைத்தார். மறுபடி பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். "உக்கார வைங்க, உக்கார வைங்க" என்று அவசரமாகச் சொன்னார். அண்ணனின் உதடு வெளுத்திருந்தது.

"இதுவரைக்கும் நிக்க வச்சு யாராவது பிரஷர் பாத்திருக்காங்களா?"

இல்லை. எல்லாரும் நாற்காலியில் உட்கார வைத்துத்தான் பார்த்தார்கள்.

"அம்மா, படுத்தா ஏறுது, நின்னா ஒரேடியா எறங்குது. நாம எந்திரிக்கும்போது ரத்தம் காலுக்கு எறங்கும். உடனே ரத்தக்குழாய் இறுகி அதை மேல அனுப்பணும். நாம நெனச்சுச் செய்யிற வேலை இல்ல அது, நரம்பு தானாச் செய்யும். இந்த நோய் சில பேருக்கு அந்த நரம்புகளையும் புடிச்சுக்குது. நீங்க சொன்னீங்களே, வேர்க்காதது, மலம் சரியாப் போகாதது, மூத்திரம் அடக்க முடியாதது, எல்லாம் இதோட சேர்ந்ததாத்தான் தெரியுது. உங்க வீட்டுக்காரர் பேரை மட்டும் மறக்கல. எந்திரிச்சு நிக்கிறதை அவர் உடம்பே மறந்துட்டு வருது."

நத்தம் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்ற மனிதருக்கா இந்தப் பேச்சு?

"இன்னைக்குக் காலையில என்ன குடிச்சார்?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் குடிக்கல. ஒருசந்தி."

"நேத்து சாயங்காலம்?"

"வெளக்கு வச்சதும் தண்ணிய நிறுத்திருவேன். துணி நனையுதுல்ல?"

"உப்பு?"

"ஒரு கல்லுகூட இல்ல."

"பிரஷர் மாத்திரை?"

"அதெல்லாம்... தவறவே தவறாது."

ஒவ்வொரு பதிலுக்கும் அக்காவின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசிப் பதிலைச் சொல்லும்போது காற்றுதான் வந்தது. டாக்டர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் அவளே புரிந்துகொண்டாள்.

"அப்ப நாந்தேன் அவுகளக் கீழ தள்ளிவிட்டேனா, டாக்டர்?"

"நோய்தாம்மா தள்ளுது" என்றார் அந்தப் பெண். "நீங்க புடிக்கிறதா நெனச்சுக்கிட்டு அதுக்குக் கை குடுத்துட்டீங்க. இனிமே மாத்திப் புடிங்க, அவ்வளவுதான்."

மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வழி சொன்னார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், மோரில் உப்புப் போட வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்த வேண்டும். எழும்போது முதலில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை ஆட்ட வேண்டும், பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், பிறகுதான் நடக்க வேண்டும். "முட்டி போட்டு எந்திரிக்கவே கூடாது. எல்லாத்துலயும் அதுதான் மோசம்" என்றார். அது எங்களிடம் எப்படிப்பட்ட பேச்சு என்று பாவம் அவருக்குத் தெரியாது. "குணமாகும்னு நான் சொல்லல. விழறது குறையும்" என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பெரிய சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அண்ணன் வாயில் வைத்தாள். அவர் மடக் மடக்கென்று குடித்தார். குடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று சொம்பைப் பார்த்தார். "தாகத்தோடயா இருந்தீக இத்தன நாளு? வாயத் தொறந்து கேக்கக்கூடத் தெரியலையா?" என்று சொல்லி அக்கா அழுத அழுகை இருக்கிறதே, சுவர் ஒன்றும் அதை மறைக்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லாம் சரி, மெதுவாக எழுந்திருங்கள் என்று சொன்னால் அவருக்குப் புரிய வேண்டுமே. "செத்த நேரம் இருங்க" என்பாள் அக்கா. அவர் ஹாரன் கேட்டதும் துள்ளி எழுவார். தோளை அமுக்கினால் கையைத் தட்டிவிட்டுச் சண்டைக்கு வருவார். டாக்டர் சொன்ன இறுக்கமான காலுறையை மாட்டினால் உருவி ஜன்னல் வழியாக என் வீட்டு வாசலில் எறிவார். ஒரு நாள் காலையில் அவர் கட்டிலிலிருந்து பாயப் போகையில், அக்கா பதற்றத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் பரலோக மந்திரத்தை ஆரம்பித்துவிட்டாள். அண்ணன் அப்படியே ஓரத்தில் உட்கார்ந்து, கையைக் குவித்து, ஆமென் வரை சொன்னார். அவ்வளவு நேரமும் அசையவில்லை. அக்கா சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள். "கிளாரா, பிரேக் கெடச்சிருச்சுடி!" என்றாள். அந்த வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதிலிருந்து அதுதான் வழக்கம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பரலோக மந்திரம். ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று ஒரு அருள்நிறை மந்திரம். பிறகு நடை. கொஞ்ச நாளில் யார் எழுந்தாலும் அவரே ஆரம்பிக்கப் பழகிவிட்டார். நான் முக்கி முனகி எழுந்தால் எனக்கும் ஒன்று சொல்லுவார். வேட்டி நனையாமல் இல்லை, முன்னைவிட அதிகமாகவே நனைந்தது. அக்கா என் வீட்டு டிரம்மிலிருந்து தண்ணீர் எடுத்து அலசினாள். ஆனால் அவர் விழவில்லை.

பெரிய வியாழனன்று கிளெமென்ட் வந்தான். நடந்ததெல்லாம் கேட்டுக்கொண்டான், அடுப்படியில் விழுந்ததையும் அக்காவே சொல்லிவிட்டாள். அவன் முகம் தெளியவில்லை.

"ஈஸ்டர் வரைக்கும் கூட இருந்து பாக்குறேன். ஆனா நாளைக்குக் கோயிலுக்கு வேணாம்மா. கூட்டம், வெயில். அங்க விழுந்தாருன்னா அதோட முடிஞ்சுபோச்சு, நான் இல்லத்துக்கு வண்டி சொல்லிருவேன்."

"பெரிய வெள்ளியும் அதுவுமா அவுகள வீட்டுல பூட்டி வைக்கச் சொல்றியா? வருவாக. விழாம நான் பாத்துக்கிறேன்."

வெள்ளிக்கிழமை அண்ணனுக்கு உப்புப் போட்ட தயிர்ச்சோறு, மோர், தண்ணீர் எல்லாம் கொடுத்தாள். அவள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீரும் குடிக்கவில்லை. அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஒருசந்தி கட்டாயமில்லை, அதிலும் தண்ணீருக்கு எந்தக் காலத்திலும் தடையில்லை என்று நான் கத்தினேன்.

"அவுக ஒருசந்திய முறிச்சது நானு. அவுகளதையும் சேத்து நாந்தேன் இருக்கணும்" என்றாள்.

இந்தப் பொம்பளையோடு யார் மல்லுக்கட்டுவது?

மத்தியானம் மூன்று மணி வழிபாடு. கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்பது எங்கள் வழக்கம். அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஆண்கள் பக்கத்துத் தூண் ஓரத்தில் போட்டு அண்ணனை உட்கார வைத்து, ஆண்களுக்கு நடுவில் தானும் பக்கத்தில் நின்றுகொண்டாள். கையில் தண்ணீர் பாட்டில். கிளெமென்ட் பின்னால் கதவோரம் நின்றான். ஆண்டவருடைய சிலுவைப் பாடுகளின் வாசகம் தொடங்கியது. எல்லாரும் நிற்கிறார்கள், அது நீளமான வாசகம். அண்ணன் நாற்காலியில் நெளிந்தார். எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம் அக்கா பாட்டிலை வாயில் வைத்தாள். பெரிய வெள்ளியன்று கோயிலுக்குள் மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கிற சத்தம்! முன்வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பின. என் பக்கத்தில் ஒருத்தி 'ச்சு' கொட்டினாள். "என்னத்த ச்சு? முன்ன பாருடி" என்றேன்.

ஆண்டவர் உயிர்விடுகிற இடம் வந்தது. அந்த இடத்தில் வாசகத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் முழங்காலில் இருந்து மௌனமாக இருப்போம். கோயில் முழுக்க ஒரே சமயத்தில் இறங்கியது. அண்ணனும் நாற்காலியை விட்டு இறங்கினார். அக்கா குனிந்து இரண்டு தோளையும் பிடித்து உட்கார வைத்தாள். மறுபடி இறங்கினார், மறுபடி பிடித்தாள்.

"விடும்மா. ஆண்டவர் செத்துட்டாரு" என்றார் அண்ணன். மௌனமான கோயிலில் அவர் குரல் பீடம் வரை கேட்டது. "எல்லாரும் முட்டி போட்டாச்சு. என்னய மட்டும் ஏன் உக்கார வைக்கிற? நான் என்ன தப்புச் செஞ்சேன்?"

அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பெயர் மறந்து, ஊர் மறந்து, பெண்டாட்டி பிள்ளை மறந்த மனிதர், இதை மட்டும் மறக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு ஆண்டவர் மேலேயே கோபம் வந்தது. எடுப்பதை எடுக்கிறவர் இதையும் சேர்த்து எடுத்திருக்கக் கூடாதா?

அக்கா பீடத்துக்கு முதுகைக் காட்டி, நாற்காலிக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். அவருடைய இரண்டு தொடைமேலும் கையை ஊன்றி அவரை அமர்த்தினாள்.

"நீங்க உக்காருங்க. உங்களுக்கும் சேத்து நான் போடுறேன்."

அண்ணன் அவளை உற்றுப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்டிப்பாகச் சொன்னார்:

"ஒரு டிக்கெட்டுல ரெண்டு பேர் போக முடியாதும்மா."

அக்கா அரண்டுபோனாள். இத்தனை நாள் அவள் செய்ததெல்லாம் அதுதானே, இரண்டு பேர் பாட்டையும் ஒருத்தியே சுமந்தது. ஆனாலும் அவள் கண்டக்டர் பெண்டாட்டி.

"ரெண்டு டிக்கெட்டும் எடுத்தாச்சுங்க. நீங்க சீட்ல உக்காந்து வாங்க."

"கண்டக்டருக்கு ஏதும்மா சீட்?"

"இன்னைக்கு ஒரு நாளைக்கு."

அவர் யோசித்தார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். நான் மூச்சு விட்டேன்.

வாசகம் மறுபடி தொடங்க எல்லாரும் எழுந்தோம். அக்காவும் எழுந்தாள். எழுந்தவள் ஒரு விநாடி மேலே விட்டத்தைப் பார்த்தாள். அவள் கை காற்றில் எதையோ தேடியது. நான் நடுவழியைத் தாண்டி ஓடுவதற்குள், கிளெமென்ட் கூட்டத்தை விலக்கி வருவதற்குள், நாற்காலியில் இருந்தபடியே அண்ணன் அவளை முழங்கைக்கு மேலே பட்டென்று பிடித்தார்.

"மெதுவா, மெதுவா. கால ஊனு."

அவள் கால் ஊன்றினாள். அவர் கையை விடவில்லை. "செத்த நில்லும்மா" என்று சொல்லிவிட்டு, உரக்க, அருள்நிறை மந்திரத்தை ஆரம்பித்தார். வாசித்துக்கொண்டிருந்த சாமியார் தலையைத் தூக்கிப் பார்த்தார், காத்திருந்தார். கோயிலே காத்திருந்தது. தனக்கு யாரென்று தெரியாத ஒரு வயசாளியைப் பிடித்துக்கொண்டு, கடைசி ஆமென் வரை சொல்லி முடித்துவிட்டுத்தான் கையை விட்டார்.

வழிபாடு முடிந்து வெளியே வேப்பமரத்தடிக்கு வந்தோம். அண்ணனை மரத்தைச் சுற்றிக் கட்டிய சிமெண்டுத் திண்டில் உட்கார வைத்தோம். கிளெமென்ட்டுக்கு முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

"அப்பா விழல, சரிம்மா" என்றான். "அவர் விழுந்தா நீ புடிப்ப. நீ விழுந்தா யாரு புடிப்பா? தினமும் அப்பாவா புடிப்பாரு? அப்பாவுக்காக இல்ல, உனக்காகத்தாம்மா நான் வண்டி சொல்லணும் போலிருக்கு."

அக்கா அண்ணனைப் பார்த்தாள். அவர் எதிரே நின்ற ஒரு சைக்கிள்காரரிடம் எங்கே போகணும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அக்கா என்னிடம் பிடிக்கக் கொடுத்திருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கினாள். பொழுது இன்னும் இறங்கவில்லை. பெரிய வெள்ளியன்று பொழுது இறங்குமுன் அவள் தொண்டையில் தண்ணீர் இறங்கியதை நான் கண்டதில்லை, அவள் அம்மா கண்டிருந்தால் கொன்றிருப்பாள். கோயில் கூட்டம் பார்க்க, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, பாட்டிலைச் சாய்த்து நிறுத்தாமல் குடித்தாள். தண்ணீரோடு கண்ணீரும் கழுத்தில் வழிந்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

காலிப் பாட்டிலை மகனிடம் நீட்டினாள்.

"இந்தா. நானும் விழ மாட்டேன். இப்பச் சொல்லு பாப்போம், வண்டிய."

கிளெமென்ட் பாட்டிலை வாங்கிக்கொண்டு, மறுபடி நிரப்பிவரக் கோயில் தொட்டிக் குழாயடிக்குப் போனான்.